எஃப் என்று எழுதிய மாலைகள்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் ‘நலம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் பிரித்துக் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இருமல் விட்டதா? அறைக் கூரை ஒழுகுவதை வீட்டுக்காரர் சரிசெய்தாரா? இங்கே நானும் குட்டியும் சுகம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறாள். உன் அத்தான் நடுக்கடலில் சுகம் என்று கப்பல் கம்பெனி மூலம் செய்தி வந்தது.

நீ கேட்ட பிப்ரவரி அளவுகளைத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். உன் கோட்பாடு சொல்லும் வானமும் நான் பார்க்கும் வானமும் ஒன்றுதானா என்று ஒப்பிடப் போகிறாயாமே, நல்ல காரியம். ஆனால் நீ யாரிடமோ, ‘எங்க அக்கா வானிலை ஆபீஸ்ல இருக்கா’ என்று சொன்னாயாம். டேய், மேகமும் மழையும் எனக்கு ரொம்பக் கீழே நடக்கிற சமாச்சாரம். அயனி மண்டலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாயே தவிர, அதை அளக்கிற இடத்தை நீ ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்கிறாயா? கால் மணிக்கு ஒருமுறை எங்கள் கருவி ரேடியோ அலையை நேர் மேலே அனுப்புகிறது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே அந்த அடுக்கில் பட்டு அது திரும்பி வருகிறது. எந்த அலைவரிசை வரைக்கும் திரும்புகிறது என்று ஃபிலிமை விளக்குப் பலகையில் போட்டுப் பார்த்து எண் எழுதுகிறேன். அந்த எண்ணை வைத்துத்தான் கப்பல்காரர்கள் எதில் பேசுவது என்று முடிவு செய்கிறார்கள். கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருக்கும் உன் அத்தானும் அவர்களில் ஒருவர்.

ஒன்றைக் கவனித்துக்கொள். பிப்ரவரி கடைசியிலிருந்து சூரியன் மறைந்ததும் படம் கலங்கிப்போகிறது. மெல்லிய கோடாக விழ வேண்டியது, ஈரத் துணியில் மை பட்ட மாதிரி பரவிவிடுகிறது. அந்தப் படங்களுக்கு எண் எழுதக் கூடாது, எஃப் என்ற எழுத்தைத்தான் போட வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. தாளில் எஃப் நிறைய வரும். பதறாதே.

சட்டைப் பொத்தானைத் தைத்துப் போடு.

உன் அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

விசாரணைக்கு வரிசைப்படி பதில்: சாப்பிடுகிறேன், இருமுகிறேன், ஒழுகுகிறது. பொத்தான் விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் விளங்கவில்லை. குட்டிக்கு என் முத்தங்கள். பல் முளைக்கும் வரை போட்டோ எடுக்காதே.

உன் அளவுகள் வந்தன. பகல் முழுக்க என் கணக்கோடு அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! துறைத் தலைவரிடம் காட்டினேன். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். குள்ளமாக இருப்பார், அதனால் அந்தப் பட்டம். “இது நிலைச்சுச்சுன்னா உன் வேலையும் நிலைச்சுடும்பா” என்றார். தற்காலிக வேலைக்காரனாக மூன்று வருடம் ஓட்டிவிட்டேன் அக்கா. இன்னொரு செய்தியும் உண்டு. எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் பேசுவது என்று கப்பல்களுக்கு ஓர் அட்டவணை வேண்டுமாம். என் கணக்கை வைத்தே போட்டுவிடலாம் என்கிறார் பெரியவர். அத்தான் கப்பலின் ரேடியோ அறைச் சுவரில் நான் போட்ட அட்டவணை தொங்கும், நினைத்துப் பார்!

இந்த எஃப்தான் கொஞ்சம் தொல்லை. பிப்ரவரி கடைசியில் மாலைக்கு மாலை எஃப். என் கோட்பாட்டில் அந்த நேரத்தில் அடுக்கு சமர்த்தாக இருக்க வேண்டும். உங்கள் கருவி பழசாயிற்றே, அதில் ஏதாவது கோளாறாக இருக்குமோ? பார்த்துச் சொல். மார்ச் அளவுகளைச் சீக்கிரம் அனுப்பு.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

இருமலுக்கு மருந்து வாங்கிக் குடி. இங்கே எல்லோரும் சுகம், என் கருவி உட்பட.

கோளாறு என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும், நாளைக்கு நீ குறை சொல்லக் கூடாது என்று மெக்கானிக்கை ஏரியல் கம்பம் ஏற வைத்தேன். உப்புக் காற்றில் கம்பிகளில் களிம்பு பூத்திருந்தது, துடைத்து இறுக்கினார். ரிசீவரைப் பிரித்துப் பூட்டினோம். மாலையில் மறுபடியும் அதே கலக்கம். மெக்கானிக் இறங்கி வந்து கேட்டார், “ஏம்மா, கெட்டுப்போன மிஷினுக்குப் பொழுது சாஞ்சது எப்படித் தெரியும்?” அதைத்தான் நானும் உன்னைக் கேட்கிறேன். காலையில் கோடு தலைமுடி மாதிரி தெளிவாக விழுகிறது. பொழுது சாய்ந்ததும் அடுக்கு சட்டென்று மேலே ஏறுகிறது, ஏறிய கையோடு சிதறுகிறது. ஜூன், ஜூலையில் அநேகமாக அடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபரில் மறுபடி கிளம்பும். பத்து வருடமாகப் பார்க்கிறேன்.

உன் அத்தானைக் கேட்டாலும் சொல்வார். மாலையில் மேல் அலைவரிசையில் பேசினால் மோர்ஸ் ஒலியே நடுங்கும், தண்ணீருக்குள்ளிருந்து தட்டுவது போலக் கேட்கும் என்பார். அதனால் பொழுது சாயும்போதே கீழ் அலைவரிசைக்கு இறங்கிவிடுவார். கரை நிலையத்திலும் பழைய ஆள்தான். அவரும் சொல்லிவைத்த மாதிரி அங்கே இறங்கிக் காத்திருப்பார். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் உள்ள பழக்கம்.

எஃப் என்றால் எண் தொலைந்துபோயிற்று என்று பொருள் இல்லை. அந்த மாலையில் வானம் அப்படித்தான் இருந்தது என்று பொருள். இத்துடன் அனுப்பியிருக்கும் மார்ச் தாள்களிலும் மாலை என்றால் எஃப்தான். அந்த இடங்களை நீ என்ன செய்யப் போகிறாய்? மறக்காமல் எழுது.

உன் அக்கா

*

ஜூன் 9

என் அருமை அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகத்தில் மிதக்கிறேன்!

கட்டுரை அச்சாகிவிட்டது. ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. நான்காம் பக்கத்துப் படத்தைப் பார். கோடு என் கோட்பாடு, புள்ளிகள் உன் அளவுகள். பகல், மாலை, இரவு எல்லாமே பொருந்துகிறது. பெரியவர் என்னைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார், அவருக்குத் தோள் எட்டவில்லை என்பது வேறு விஷயம். கடைசிப் பக்கத்தில் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அட்டவணையும் இந்த மாதம் முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இனிமேல் கப்பலும் கரை நிலையமும் அட்டவணைப்படிதான். அவரவர் பழக்கத்துக்கு எல்லாம் இனி இடமில்லை. இரவு ஒன்பது மணி வரை மேல் அலைவரிசை, அப்புறம் கீழே. எப்போது எதில் கேட்பது என்று தெரிந்துவிட்டதால் கரை நிலையத்தில் இரண்டு ரிசீவருக்குப் பதில் ஒன்று போதுமாம், ஓர் ஆள் போதுமாம். மேலிடத்தில் ஏக மகிழ்ச்சி.

குட்டிக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். பெரிதாக இருந்தால் வளரட்டும்.

உன் தம்பி

*

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம். உன் அத்தான் விடுப்பில் வந்திருக்கிறார், அதனால் வீட்டில் மூன்று சுகம். கவுன் தரையைக் கூட்டுகிறது. கழற்ற மாட்டேன் என்கிறாள்.

உன் கட்டுரையை அத்தான் மேசையில் விரித்து வைத்துவிட்டு, புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், “இதுல உன் பேரு மட்டும்தான்டி எனக்குப் புரியுது” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையில் கண்ணும் கலங்கிவிட்டது. அட்டவணை நன்றாகத்தான் வேலை செய்கிறதாம். “உன் தம்பி கெட்டிக்காரன், சாயங்காலம் மேலேயே இருந்தும் கணீர்னு கேக்குது” என்றார். கேட்கும். ஜூன், ஜூலையில் மாலைகள் அமைதி என்று நான்தான் எழுதியிருந்தேனே.

ஆனால் நான்காம் பக்கத்துப் படத்தை நானும் பார்த்தேன். மார்ச் மாதம், மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை. அந்த நேரத்துக்கு நான் உனக்கு ஒரு எண்கூடக் கொடுக்கவில்லை. முழுக்க எஃப். உன் படத்திலோ அங்கே புள்ளிகள் இருக்கின்றன. அதுவும் மற்ற இடங்களில் புள்ளிகள் கொஞ்சம் மேலும் கீழுமாக இருக்கின்றன, அங்கே மட்டும் கோட்டின் மேலேயே ஊசியில் கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. எந்த வானமும் அவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை.

அவை எங்கிருந்து வந்தன?

பதிலை உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? கோபமா? என் மேல் கோபம் என்றால் திட்டியாவது எழுது, சும்மா இருக்காதே.

அத்தான் நேற்றுக் கப்பலேறினார். இந்த முறை தூரப் பயணம். வழியில் மற்றக் கப்பல்களின் நடமாட்டம் குறைவாம். ஏதாவது ஒன்றென்றால் கரை நிலையத்தோடு பேசுவது ஒன்றுதான் துணை. குட்டி, கப்பல் புகையைக்கூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவோடு டூவாம்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் அக்கா

*

செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். காய்ச்சலில் படுத்துவிட்டேன். அப்புறம் வேலை குவிந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே. வீட்டுக்காரர் கடைசியில் கூரையைச் சரிசெய்துவிட்டார். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. பக்கத்து அறைக்காரன் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறான். பாவம், அவனுக்கும் வரவில்லை, எங்களுக்கும் தூக்கம் வரவில்லை. குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா?

நீ கேட்ட புள்ளிகள் பற்றி. கணினிக்கு உன் அளவுகளைத் துளையட்டையில் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் அது அப்படியே நின்றுவிடும். ஏதாவது ஓர் எண் கொடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் கோட்பாடு தரும் எண்ணையே போட்டு நிரப்புவது இங்கே வழக்கம், எல்லோரும் செய்வதுதான். ஒன்றிரண்டு இடம் என்றால் ஒன்றும் ஆகாது. போன மாதம் அவற்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மற்றதை நேரில் சொல்கிறேன்.

இன்னொன்று. அத்தானுக்கு எழுதும்போது, பொழுது சாய்ந்த பிறகு அவருடைய பழைய பழக்கப்படியே கீழ் அலைவரிசைக்கு இறங்கிக்கொள்ளச் சொல். நான் சொன்னதாக வேண்டாம். நீயாகச் சொல்வது போலச் சொல்.

பெரியவர் என் நிரந்தர வேலைக்கான கடிதத்தை மேலே அனுப்பியிருக்கிறார். வேண்டிக்கொள்.

உன் தம்பி

*

செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? கஞ்சி வைத்துக் குடி.

அத்தான் துறைமுகத்திலிருந்து ட்ரங்க் காலில் பேசினார். சொன்னேன். சிரித்தார். “என்னடி இது, தம்பி போட்ட அட்டவணை, அக்கா வேணாம்ங்கிற! உங்க வீட்டுச் சண்டையில என்னை இழுக்காதீங்க” என்றார். அப்புறம் என் குரலில் என்ன தெரிந்ததோ, “சரி சரி, இறங்கிக்கிறேன், போதுமா?” என்றார். அதோடு லைன் அறுந்துவிட்டது. அவர் சரி என்று சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

எஃப் மறுபடி வந்துவிட்டது. இந்த வாரம் அநேகமாக எல்லா மாலையும் அதுதான்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கிறேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன் என்று எழுதியவன் என்ன வந்தது என்று எழுதவில்லையே. பூசி மெழுகாதே, எனக்குப் பிடிக்காது. இத்தனை மாலைகளுக்கும் கோட்பாட்டிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டு, பிறகு அதே கோட்பாட்டோடு ஒப்பிட்டால் பொருந்தாமல் என்ன செய்யும்? அட்டவணை தப்பு என்றால் தப்பு என்று சொல்லேன். அத்தானுக்குச் சொன்னதைக் கரை நிலையத்துக்கும் சொன்னாயா? மற்றக் கப்பல்களுக்கு?

உன் அக்கா

*

அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் நலமே என்று நம்புகிறேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. உத்தரவு கையில் வந்தது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

கரை நிலையத்துக்கு எழுதுவதென்றால் பெரியவர் கையெழுத்து வேண்டும். அட்டவணை அவர் பெயரில்தான் போயிருக்கிறது. இப்போது போய் அவரிடம் இதைச் சொன்னால் மனிதர் உடைந்துபோய்விடுவார். நவம்பரில் கூட்டம் இருக்கிறது. அங்கே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம்தானே. அத்தானுக்குத்தான் தெரியுமே, நீ வீணாக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

குட்டியைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

நவம்பர் 16

தம்பிக்கு,

இந்த முறை உன் நலத்தைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை.

‘உடனே வருகிறேன்’ என்ற உன் தந்தி வந்தது. நீ வரவில்லை. வராதது நல்லதுதான். வந்திருந்தால் வாசலிலேயே வைத்து வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன். குட்டி முன்னால் அது வேண்டாம்.

நடந்ததை நீ எந்த அளவுக்கு அறிந்தாய் என்று தெரியவில்லை, நானே எழுதுகிறேன். அக்டோபர் பத்தொன்பது, அன்றைக்கு எனக்கு மாலை வேலை. பொழுது சாய்ந்ததும் அடுக்கு ஏறத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு தடித்தது, பிய்ந்தது, அப்புறம் திரை முழுக்கப் பரவிவிட்டது. இந்த வருடத்தில் அவ்வளவு மோசமாக நான் பார்க்கவில்லை. வழக்கம்போல எஃப் என்று எழுதினேன். எழுதிவிட்டு, அவர் இந்நேரம் கீழே இறங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே காபி போட்டுக் குடித்தேன். அவர் அந்த நேரத்தில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சரக்கறையில் தண்ணீர் புகுந்து கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதாம். அவர் சொன்ன சொல் தவறாதவர், கீழ் அலைவரிசைக்கு இறங்கித்தான் அபாயச் செய்தி அனுப்பியிருக்கிறார். கரை நிலையம் மேல் அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்தது. உன் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. ஒரே ரிசீவர், ஒரே ஆள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், வேறு நாட்டில் யாரோ ஒரு பொழுதுபோக்கு ரேடியோக்காரர் தற்செயலாகக் கீழ் அலைவரிசையில் அதைக் கேட்டிருக்கிறார். கப்பல் பெயர் விளங்கியிருக்கிறது, இடம் பாதிதான் விளங்கியிருக்கிறது. அவர் யார் யாருக்கோ சொல்லி, அது கம்பெனிக்கு வந்து, தேடப் போனபோது எண்ணெய்ப் படலமும் ஒரு காலிப் படகும்தான் கிடைத்தன.

கரை நிலையத்துப் பழைய ஆள் என்னைப் பார்க்க வந்தார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். “எனக்குக் கையே கீழே போச்சும்மா, பொழுது சாஞ்சா தானாப் போற கை இது. அட்டவணையில மேலன்னு போட்டிருக்கேன்னு திருப்பி மேலயே வெச்சேன். இரைச்சல்தான் வந்துச்சு. ஒன்பதுக்கு மேல கீழ வந்தப்ப ஒண்ணுமே கேக்கல. விடியிற வரைக்கும் அவர் சும்மா இருக்கார்னுதான் நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு, என் முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன். எனக்கு அந்த நேரத்தில் அழுகை வரவில்லை. அப்புறம் வந்தது.

பேசுகிறவருக்குச் சொன்னாய். கேட்கிறவருக்குச் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால்கூட இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் இருந்திருப்பார்கள். அந்த இரைச்சலில் நாலு எழுத்தாவது தேறியிருக்குமோ என்னவோ. என் கணக்குப்படி தேறியிருக்காது. ஆனால் இதை நான் சாகும் வரை கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கப் போகிறேன்.

உன்னை மட்டும் சொல்லித் தப்பிக்க நான் தயாரில்லை. இரண்டு பேர் தலையிலும் இது இருக்கிறது. போன வாரம் கரை நிலையத்துக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் நானே எழுதினேன். மார்ச் மாதத் தாள்களைப் பிரதி எடுத்து, எஃப் எங்கே இருக்கிறது என்று வட்டம் போட்டு, என் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அந்த வாரமே அட்டவணையை நிறுத்திவிட்டார்கள், மாலையில் கீழேயும் கேட்க இரண்டாவது ரிசீவரை மறுபடி வைத்துவிட்டார்கள். உன்னிடம் இரண்டாவது தடவை கேட்டுக்கொண்டு நிற்காமல் செப்டம்பரில் எழுதியிருந்தால் அப்போதே ஒரு வாரத்தில் இது முடிந்திருக்கும் தம்பி. எனக்கு ஏன் தோன்றவில்லை? அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்ற நிம்மதியில் இருந்துவிட்டேன். நம் வீட்டு ஆள் தப்பித்துவிட்டார் என்று நீயும் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டது. அப்பா வந்தால் காட்ட வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்க்கிறாள். அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாளும் கண்ணாடி முன்னால் நின்றாள்.

வேலையை நான் விடவில்லை. வேறு என்ன தெரியும் எனக்கு? அக்டோபர் அளவுகளை வழக்கம்போலத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி மாலையைப் பார். ஏழிலிருந்து ஒன்பது வரை என் கையெழுத்தில் எஃப் என்றுதான் இருக்கும். உன் கணினிக்கு எழுத்து ஆகாதாமே. அந்த இடத்தில் என்ன எண்ணைப் போட்டு நிரப்புகிறாய் என்று எனக்கு எழுது.

உன் அக்கா